சும்மா கம்பி

பக்கத்து வீட்டுக்காரி கரண்ட் கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்தால் உங்கள் வீட்டு டிவி எரிந்து போகுமா? எங்கே, பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

நாலு எழுத்துப் படித்தவர் என்றால் சிரித்திருப்பீர்கள். அப்படியெல்லாம் நடக்கவே நடக்காது என்று அடித்துச் சொல்லியிருப்பீர்கள். இன்னொரு வகை ஆள் என்றால், "நடக்குமே, எங்க பக்கத்துலயே ஒருத்தி இருக்கா" என்று குரலைத் தாழ்த்தி ஒரு பெயரையும் சொல்லியிருப்பீர்கள். சிரித்தவர் தோற்றுப்போனார். பெயர் சொன்னவர் அதைவிடக் கேவலமாகத் தோற்றுப்போனார். எப்படி என்று தெரிய வேண்டுமானால் நிரஞ்சலாவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் அவள். கொழுந்துக் கூடை முதுகில் ஏறுவதற்கு முன்பே பதுளை பஸ்ஸில் ஏறி, தொழிற்பயிற்சி நிலையத்தில் வயரிங் படித்தாள். அந்த வகுப்பில் வேறு பெண் இல்லை. இப்போது பசார் வீதியில் காமில் நானாவின் கடையில் வேலை. முன்பக்கம் பல்பும் பிளக்கும் விற்பனை, பின்பக்கம் ஒரு நீள மேசை. உருகிய பிளக், எலி கடித்த வயர், முச்சக்கர வண்டியின் விளக்குக் கனெக்டர், இஸ்திரிப் பெட்டியின் இற்றுப்போன கழுத்து, எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும்.

"பாஸ் எங்க தங்கச்சி?" என்று பழுதுபார்ப்பவரைத் தேடிக் கேட்பார்கள்.

"நான்தாங்க பாஸ். சாமானக் குடுங்க."

கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு, அவள் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவளுக்கு அதில் கோபம் இல்லை, ஏனென்றால் அவளும் அவர்களை நம்புவதில்லை. "நான் ஒண்ணுமே செய்யலங்க, அது தானா எரிஞ்சிருச்சு" என்று சொல்லாத ஆளை அவள் இதுவரை கண்டதில்லை. எந்தப் பிளக்கும் தானாக எரிந்ததையும் கண்டதில்லை. முதலில் மூக்கருகே வைத்து மணந்து பார்ப்பாள். கருகிய பிளாஸ்டிக்குக்கு ஒரு வாடை, காய்ந்த தூசிக்கு வேறு வாடை. அப்புறம் மூடியைத் திறந்து ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பார்ப்பாள். திருகாணி இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அது செம்பைக் கடிக்காமல் வயரின் மேல்தோலைக் கடித்துக்கொண்டிருக்கும். வெளியே பார்த்தால் நல்ல இணைப்பு, உள்ளே கரண்ட் தத்தித் தத்திப் பாய்ந்து, சூடேறி, செம்பு கறுத்து, கடைசியில் ஒருநாள் புகை.

"இந்தப் புள்ளைக்கு எல்லாத்துலயும் சந்தேகம் ஈக்கு" என்பார் காமில் நானா. "நான் வாங்கிக் குடுக்கிற தேத்தண்ணியையும் மணந்து பாத்துட்டுத்தான் குடிக்கும்."

சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு அவளுடைய பெரியம்மா பாக்கியம் ஒரு டிவியைச் சேலையில் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். அதன் பின்னால் அதே லயத்திலிருந்து ஒரு பை நிறைய போன் சார்ஜர், ஒரு மின்விசிறி, ஒரு ரேடியோ. எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரே காயம். கரண்ட் நுழையும் இடத்தில் காவலுக்கு வைத்திருக்கும் சின்னத் துண்டு வெடித்துக் கரியாகியிருந்தது. வோல்ட் அளவுக்கு மிஞ்சி ஏறினால்தான் அது வெடிக்கும்.

"எல்லாம் ஒரே லயம்" என்றார் காமில் நானா. "யாரோ கம்பியில கை வச்சிருக்கான் தங்கச்சி. ஒங்கட ஊர்தானே, நீங்களே விசாரிங்க."

விசாரிக்கத் தேவையே இருக்கவில்லை. பாக்கியம் மேசையில் முழங்கையை ஊன்றி, யாரோ ஒட்டுக்கேட்பது போல் வாசலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எல்லாம் அந்தக் கடைசி வூட்டு அஞ்சலின்தான் புள்ள. கொவைத்துலேருந்து என்னைக்கு வந்து எறங்குனாளோ அன்னையிலேருந்துதான். பொழுது சாய அப்பனுக்கு வெந்நி வைக்கிறேன்னு கேத்தல் சுவிட்ச போடுவா. ஒடனே எங்க பல்பெல்லாம் வெள்ளையா பொங்கும். அவ வூட்டு பல்பு மட்டும் குப்பி லாம்பு மாதிரி சுருங்கிரும். வெளக்க அடக்கிட்டு என்னத்தையோ ஏவி விடுறா."

"கண்ணால பாத்தீங்களா பெரியம்மா?"

"பாக்காமலா சொல்றேன்? அவ சுவிட்ச போடுறப்ப ஒரு ஆளு அங்க நின்னு கத்தும், இங்க நாங்க பல்ப பாப்போம். ஒரு நாளும் தப்புனது இல்ல. தோட்டத் தலைவரு முடிவு பண்ணிட்டாரு. வர்ற வெள்ளிக்கிழம சாயங்காலப் பூசையில அம்மன் முன்னால கற்பூரத்தக் கையால அணைச்சு சத்தியம் பண்ணணும். கை நடுங்கிச்சின்னா அப்பனக் கூட்டிக்கிட்டுக் காம்பராவக் காலி பண்ணிட்டுப் போயிறணும்."

லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் ஒற்றை அறைக்குக் காம்பரா என்று பெயர். அஞ்சலினின் தகப்பன் யேசுரத்தினம் இளைப்பு நோயாளி. அந்த அறையை விட்டால் அவருக்கு வேறு கூரை கிடையாது.

"அவுங்க வேதக்காரங்களாச்சே. சிலுவையக் கும்புடுறவங்க அம்மன் முன்னால எப்படிச் சத்தியம் பண்ணுவாங்க?"

"அதனாலதான் கை நடுங்கும்" என்றாள் பாக்கியம், சந்தேகமே இல்லாமல்.

நீதி எப்படி இருக்கிறது பாருங்கள். தீர்ப்பை முதலிலேயே எழுதிவிட்டு, அதற்குப் பொருத்தமாகச் சோதனையைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

இரண்டொரு நாளில் அஞ்சலினே கடைக்கு வந்தாள். கையில் அந்தக் கேத்தல். "தண்ணி கொதிக்க மாட்டேங்குது. கொவைத்துல சட்டுன்னு கொதிச்சிரும்" என்றாள். நிரஞ்சலா பிளக்கைத் திறந்து பார்த்தாள். பழுது ஒன்றும் இல்லை. கடையிலேயே செருகினாள். கொஞ்ச நேரத்தில் தளதளவென்று கொதித்தது.

மற்றவர்கள் சாமான் அளவுக்கு மீறிச் சூடாகி எரிகிறது, இவள் சாமான் கொதிக்கவே மாட்டேன் என்கிறது. நிரஞ்சலாவின் மனம் தொழில் பழகிய பாதையிலேயே ஓடியது. மெயின் சுவிட்சுக்கு முன்னால் திருட்டு வயர் போட்டிருக்கிறாள், அதில்தான் ஏதோ கோளாறு.

"உண்மையச் சொல்லுங்கக்கா. மீட்டருக்குத் தெரியாம எங்கயாவது கம்பி தொட்டிருக்கீங்களா?"

அஞ்சலின் கேத்தலைப் பிடுங்கிக்கொண்டாள். "அவுங்க சூனியக்காரின்னு சொல்றாங்க. நீ படிச்சவ, அதனால திருடின்னு சொல்ற. வேற என்னா வித்தியாசம்?"

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காகக் கடை பூட்டியதும் நிரஞ்சலா மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். அஞ்சலினைக் காப்பாற்றப் போனாள் என்று நினைத்துவிடாதீர்கள். திருட்டு வயரைக் கையும் களவுமாகப் பிடித்து, அதைக் காட்டி, சத்தியத்தை நிறுத்தலாம் என்றுதான் போனாள். சூனியக்காரி என்று விரட்டப்படுவதைவிடத் திருடி என்று திட்டு வாங்குவது மேல் என்பது அவள் கணக்கு.

லயத்தின் கடைசிக் காம்பரா. இஸ்தோப்பு என்கிற முன்திண்ணைச் சுவரில் சாய்ந்தபடி யேசுரத்தினம் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். நிலைக்கதவில் மெழுகால் போட்ட சிலுவை, மூலையில் ஒரு போத்தல் தண்ணீர். நிரஞ்சலா மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு மீட்டர் பெட்டியிலிருந்து கடைசி பிளக் வரை தடவித் தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு வயராக இழுத்தாள். ஒன்றும் அசையவில்லை. கூரைக்குள்ளும் எட்டிப் பார்த்தாள்.

"கெடச்சிச்சா?" என்றாள் அஞ்சலின், கைகளைக் கட்டிக்கொண்டு.

"இல்லக்கா."

"நல்லா தேடு. அரிசி டின்னுலயும் பாரு, அதுக்குள்ளதான் பேயக் கட்டி வச்சிருக்கேன்."

நிரஞ்சலாவுக்கு முகம் சுருங்கியது. "இந்தப் போத்தல் என்னாக்கா?"

அஞ்சலின் கட்டியிருந்த கைகளை இறக்கினாள். பிறகு குரல் இறங்கியது. "கோயில் தண்ணி. ஃபாதர் ஆசீர்வதிச்சுக் குடுத்தது. காலையில என் பல்பும் பொங்குது புள்ள. தலைவர் வூட்ல அயன் பண்ற நேரம். இந்த ஆளுகதான் எனக்கு என்னமோ வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா, பாத்தியா அவளே ஒத்துக்கிட்டான்னு சொல்லுவாங்க."

ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஆசீர்வதித்த தண்ணீர், அந்தப் பக்கம் வாசலில் தொங்கும் எலுமிச்சம்பழம். இரண்டு பக்கமும் ஒரே பயம், இரண்டு பக்கமும் ஒரே பொய். ஆனால் நிரஞ்சலாவின் காதில் விழுந்தது அதுவல்ல, காலையில் என் பல்பும் பொங்குது என்ற சொல். அப்படியானால் கோளாறு அஞ்சலினிடம் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஏதோ ஒன்றில் இருக்கிறது.

மலைக்குப் போன பெண்கள் கூடை இறக்கி, முகம் கழுவி, கோயிலுக்குப் புறப்படுகிற நேரம். தலைவர் வீரபத்திரன் வெள்ளை வேட்டியில் நின்றார். தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். நிரஞ்சலா அஞ்சலின் வீட்டு மெயினை மறுபடி ஏற்றிவிட்டு, நேரே அவரிடம் போனாள்.

"தலைவரே, சத்தியத்துக்கு முன்னால ஒரு சின்ன வேல. ஒங்க வூட்டு அயனைக் கொஞ்சம் போடணும்."

"எதுக்கு? சட்டையெல்லாம் தேச்சுத்தான் இருக்கு."

"போடுங்க தலைவரே. ஒரு ஆள் அஞ்சலினக்கா வாசல்ல நின்னு பல்பப் பாக்கட்டும்."

நியாயமாகப் பார்த்தால், கேத்தலுக்கு அவர்கள் செய்த அதே சோதனைதான். மறுக்க முடியவில்லை. பாக்கியமே அஞ்சலினின் வாசலில் போய் நின்றாள். தலைவர் வீட்டில் சுவிட்ச் விழுந்தது. தலைவர் வீட்டு பல்பு சுருங்கியது. லயத்தின் கடைசியில் அஞ்சலினின் பல்பு வெள்ளையாகப் பொங்கி, "டப்" என்று வெடித்தது.

"ஐயோ!" என்று பாக்கியம் கத்தினது எல்லாருக்கும் கேட்டது.

கூட்டத்தில் ஒரு கிழவி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்: "அப்ப தலைவரும் ஏவி விடுறாரா?"

சிரிப்பைப் பலர் இருமலாக மாற்றிக்கொண்டார்கள். தலைவரின் முகம் சிவந்தது. "அந்த அயன்லயும் அவ என்னமோ வச்சிருப்பா!"

"அது ஒங்க மக கொழும்புலேருந்து அனுப்புனது தலைவரே" என்றாள் நிரஞ்சலா. "மகளையும் கோயிலுக்கு வரச்சொல்லவா? மொதல்ல எல்லாரும் போயி மெயின எறக்குங்க. சும்மா கம்பி போயிருச்சு."

விஷயம் இவ்வளவுதான். அந்த லயத்தின் பழைய காம்பராக்களுக்கெல்லாம் ஒரு கம்பியிலிருந்து கரண்ட் வருகிறது. கடைசியாக இணைப்பு எடுத்த அஞ்சலினின் காம்பராவுக்கு வேறொரு கம்பி. வரும் வழி வேறு, ஆனால் திரும்பிப் போகும் கம்பி எல்லாருக்கும் ஒன்றுதான். டெஸ்டர் வைத்தால் எரியாது, தொட்டால் அடிக்காது என்பதால் தோட்டத்தில் அதற்குச் சும்மா கம்பி என்று பெயர். சும்மா கம்பியின் இணைப்பு கம்பத்தில் கழன்றால், திரும்ப வழியில்லாத கரண்ட் மற்றக் கம்பிக்காரர் வீட்டுக்குள் புகுந்து, அங்கே இருக்கிற பல்பையும் டிவியையும் மிதித்துக்கொண்டு வெளியேறும். யார் வீட்டில் இழுவை அதிகமோ அங்கே மங்கும், மற்ற வீட்டில் பொங்கும். பக்கத்து வீட்டுக் கேத்தல் உங்கள் டிவியை எரிக்கும் என்பது இப்படித்தான். பாக்கியம் பார்த்தது பொய்யே அல்ல. அவள் கண் சரியாகப் பார்த்தது, மனம்தான் வேண்டிய ஆளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

கம்பம் இருந்தது காமன் பொட்டலில். மாசியில் காமனை ஊன்றிக் கூத்தாடும் அந்தத் திடலின் ஓரத்தில். நிரஞ்சலா போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சும்மா கம்பியின் கனெக்டர் கருகி ஒரு பக்கமாகத் தொங்கியது. மூடுபனியில் அது மெல்ல ஆடுவது கீழே நின்றவர்களுக்கும் தெரிந்தது. அதைச் சுற்றி, அறுந்த வயர்த் துண்டுகள் தாடி மாதிரி. கூத்துக்கு லைட்டும் ஒலிபெருக்கியும் போட, திருட்டுத்தனமாகக் கரண்ட் கம்பியில் பயந்து பயந்து கொக்கி மாட்டியிருக்கிறார்கள். சும்மா கம்பிதானே என்று இதில் முறுக்கி, தொங்கி, இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கூத்து முடிந்ததும் இழுத்து அறுத்திருக்கிறார்கள்.

"யாரு கட்டினது?"

எல்லாரும் பொட்டலின் புல்லைப் பார்த்தார்கள்.

"சரி, அத விடுங்க. இத்தன டிவி எரிஞ்சிச்சே, ஏன் ஒருத்தரும் கரண்ட் ஆபீசுக்குப் போன் பண்ணல?"

"போன் பண்ணுனா வந்து மொதல்ல கம்பத்தத்தானே பாப்பாங்க!" என்றார் வீரபத்திரன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

எவ்வளவு பெரிய ஒப்புதல் அது! கம்பத்தில் கோளாறு இருக்கலாம் என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, குறைந்தது தலைவருக்காவது தெரிந்திருக்கிறது. தெரிந்தும், வழக்கு வரும் என்ற பயத்தில், ஒரு பெண்ணையும் ஒரு நோயாளியையும் அறையை விட்டுத் துரத்தத் தயாராக இருந்திருக்கிறார்கள். மூடநம்பிக்கை என்று இதைச் சொன்னால் மூடநம்பிக்கைக்கே அவமானம். இது கணக்குப் போட்டுச் செய்த அநியாயம். பேய்க்கும் சாமிக்கும் இதில் வேலையில்லை, அவை வெறும் திரை.

நிரஞ்சலா போனை எடுத்தாள். பாக்கியம் கையைப் பிடித்தாள்.

"வேணாம் புள்ள. நம்ம ஆளுக மாட்டிக்குவாங்க."

"அஞ்சலினக்கா நம்ம ஆள் இல்லையா பெரியம்மா?"

பாக்கியம் கையை விடவில்லை. நிரஞ்சலா கையை உதறிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி நம்பரை அழுத்தினாள். தோட்டத்தின் பெயரைச் சொன்னாள், கம்பம் இருக்கும் இடத்தைச் சொன்னாள், கடைசியில் தன் பெயரையும் சொன்னாள்.

திருத்தும் வண்டி, யாருடைய நல்ல காலமோ, இருட்டுவதற்குள் மேலே ஏறி வந்தது. ஏணியில் ஏறிய ஊழியர் கனெக்டரைத் தொட்டதும் அது பாதியாக உடைந்து அவர் கையோடு வந்தது. கீழே இறங்கி, அந்தத் தாடியைக் காட்டி, இதைக் கட்டியது யார் என்று சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் நின்றவள் அஞ்சலின், அதனால் அவளைப் பார்த்தே கேட்டார்.

லயமே அஞ்சலினைப் பார்த்தது. இத்தனை நாள் அவளுக்கு என்ன செய்தார்களோ அதற்கு வட்டி கேட்கிற நேரம் இது என்று ஒவ்வொருவருக்கும் தெரியும்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் அவள். "கூத்து நடந்தப்ப நான் கொவைத்துல இருந்தேன். பங்குனியிலதான் வந்தேன்."

கம்பி கட்டிய அன்று அந்தத் தோட்டத்திலேயே இல்லாத ஒரே ஆள் அவள்தான். அவளைத்தான் குற்றவாளி ஆக்கியிருந்தார்கள்.

புதுக் கனெக்டர் ஏறியதும் எல்லாரும் மெயினை ஏற்றினார்கள், அஞ்சலின் கேத்தலைப் போட்டாள். லயத்தில் ஒரு பல்பும் அசையவில்லை. கோயில் மணி அடித்தது. யாரும் அவளைச் சத்தியத்துக்குக் கூப்பிடவில்லை. யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. யேசுரத்தினம் வெந்நீரைக் குடித்துவிட்டு, தன் காம்பராவில் படுத்துக்கொண்டார்.

இத்தோடு எல்லாருக்கும் புத்தி வந்தது என்று முடிக்கத்தான் ஆசை. வரவில்லை. கரண்ட் ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டு ஆள் வந்தது. தலைவர் இப்போது நிரஞ்சலாவைக் காட்டிக்கொடுத்தவள் என்கிறார். அடுத்த வாரம் வேறு தோட்டத்துப் பூசாரி ஒருவரைக் கூட்டிவந்து எலுமிச்சம்பழம் வெட்டினார்கள். டிவியை வாங்கிப்போக வந்த பாக்கியம் கடையில் உட்கார்ந்து சொன்னது இது:

"கம்பியும் மாத்துனாங்க. பூசாரியும் பழம் வெட்டுனாரு. எதால சரியாச்சின்னு யாரு கண்டா?"

"அப்ப அடுத்த மாசியில அதே மாதிரி கம்பியக் கட்டிட்டு, பூசாரிய மட்டும் கூப்பிட்டுப் பாருங்க பெரியம்மா. இந்த டிவிய அப்ப என்கிட்ட கொண்டு வராதீங்க."

பாக்கியம் சிரிக்கவில்லை. அவள் இன்னும் அஞ்சலின் கையால் தேத்தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. ஆனால் அஞ்சலின் அந்தக் காம்பராவில்தான் இருக்கிறாள், கதவில் தன் பெயரைப் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறாள்.

நீங்கள் குடியிருக்கும் லயத்திலோ தெருவிலோ ஒருநாள் யாரையாவது நடுவில் நிறுத்திச் சத்தியம் கேட்பார்கள். அன்று பின்வரிசையில் நின்று கழுத்தை நீட்டி வேடிக்கை பார்க்காதீர்கள். முன்னால் வாருங்கள். மெயின் சுவிட்சை இறக்குங்கள், உரிய இடத்துக்குப் போன் போடுங்கள், உங்கள் சொந்தப் பெயரைக் கொடுங்கள். உண்மை தெரியும் வரைக்கும், குற்றம் சாட்டப்பட்ட ஆளின் வாசலில் போய் நில்லுங்கள்.